மின்சாரம் போய் வந்தாலும் மறக்காத விளக்குகள்: வயர்லெஸ் கட்டடங்களில் 'ஒளிக்காட்சி' அமைப்பது எப்படி?

புதுடெல்லி: அலுவலகம் ஒன்றின் கூட்ட அறையில் ஆண்டுக் கணக்கு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரைக்கு அருகில் உள்ள விளக்குகள் அணைந்திருக்கின்றன. மேசைக்கு மேலே உள்ளவை குறிப்பெடுக்கும் அளவுக்கு மட்டும் எரிகின்றன. திடீரென மின்சாரம் நின்று, சில நொடிகளில் ஜெனரேட்டர் இயங்குகிறது. இப்போது அறையின் அனைத்து விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரிய, திரையில் இருந்த எண்கள் வெளுத்துப் போகின்றன. சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினாலும் பலனில்லை. காரணம், அந்தப் பொத்தானின் கட்டளை இணையம் வழியாக எங்கோ உள்ள சர்வருக்குச் சென்று திரும்ப வேண்டும். மின்தடையில் அணைந்த இணைய ரூட்டர் மீண்டும் இயங்கச் சில நிமிடங்கள் ஆகும்.

புதிய அலுவலகங்கள், விடுதிகள், மருத்துவமனைகள், பள்ளி அரங்குகள் என நாடு முழுவதும் கம்பியில்லா விளக்குக் கட்டுப்பாடு பரவி வருகிறது. சுவரை உடைக்க வேண்டாம், புதிய கம்பி இழுக்க வேண்டாம், ஒரே தொடுதலில் அறையின் தோற்றமே மாறும் என்பவை இதற்குக் கூறப்படும் காரணங்கள். அவை உண்மையே. ஆனால் வாங்கும்போது அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு: அந்த ஒரே தொடுதலுக்கான அமைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது? மேலே சொன்ன கூட்ட அறையில் நடந்தது நடக்குமா, நடக்காதா என்பதை இந்தக் கேள்விக்கான பதிலே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

குழு வேறு, காட்சி வேறு:

'சீன்' என்ற சொல் நாடக மேடையிலிருந்து கட்டடத் துறைக்கு வந்தது. மேடையில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்போது பத்து விளக்குகள் பத்து விதமாக மாறும். அத்தனையையும் இயக்குபவர் ஒரே குறிப்பில் முடித்துவிடுவார். கட்டடத்தின் ஒளிக்காட்சியும் அதுவே. ஓர் அறையில் உள்ள ஒவ்வொரு விளக்கும் எந்த அளவில் எரிய வேண்டும், என்ன நிறத்தில் எரிய வேண்டும், அந்த நிலையை எத்தனை நொடிகளில் அடைய வேண்டும் என்ற தொகுப்புக்கு ஒரு பெயரோ எண்ணோ கொடுத்துச் சேமிப்பதே ஒளிக்காட்சி.

இங்கே பலர் குழப்பிக்கொள்வது குழுவையும் காட்சியையும். குழு என்பது யார் யார் சேர்ந்து இயங்க வேண்டும் என்ற பட்டியல். 'மேசை விளக்குகள்' ஒரு குழு, 'திரைப்பக்க விளக்குகள்' மற்றொரு குழு. குழுவுக்கு '50 சதவீதம்' என்று கட்டளையிட்டால் அதில் உள்ள அனைத்தும் ஒரே அளவுக்கு வரும். காட்சியில் அப்படியல்ல; ஒரே கட்டளைக்கு ஒரு விளக்கு அணையும், ஒன்று மங்கும், இன்னொன்று முழுதாக எரியும். குழுக்களைச் சரியாகப் பிரிக்காமல் நேரடியாகக் காட்சி அமைக்கத் தொடங்குவதே பின்னாளில் வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு விதையாகிறது.

நினைவு எங்கே இருக்கிறது?:

ஒளிக்காட்சி மூன்று இடங்களில் சேமிக்கப்படலாம். விளக்கிலேயே இருக்கலாம், கட்டடத்துக்குள் உள்ள ஹப் அல்லது கேட்வே எனப்படும் மையக் கருவியில் இருக்கலாம், நிறுவனத்தின் இணைய சர்வரில் இருக்கலாம்.

முதலாவது முறையில், ஜிக்பீ, புளூடூத் மெஷ் போன்ற தொழில்நுட்பங்களைப் பின்பற்றும் விளக்குகள், தங்களுக்குரிய நிலையைத் தாங்களே நினைவில் வைத்துக்கொள்ள வல்லவை. பொத்தானை அழுத்தும்போது 'காட்சி எண் 3' என்ற ஒரே ஒரு சிறிய செய்தி மட்டும் காற்றில் செல்கிறது. அதைக் கேட்கும் ஒவ்வொரு விளக்கும், 'எனக்கு 3 என்றால் 30 சதவீதம்' என்று தன் நினைவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஹப் செயலிழந்தாலும், இணையம் இல்லாவிட்டாலும், பொத்தான் நேரடியாக விளக்குகளுடன் இணைக்கப்பட்டிருந்தால் காட்சி மாறும். புளூடூத் மெஷ் விதிமுறைப்படி ஒரு சாதனத்தின் பதிவேட்டில் 16 காட்சிகள் வரை இடம் உண்டு. கம்பிவழி விளக்குக் கட்டுப்பாட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் டாலி தொழில்நுட்பத்திலும் எண்ணிக்கை இதே 16தான். ஒரு சாதாரண அறைக்கு 5 காட்சிகளே அதிகம் என்பதால் இது ஒரு குறையாக இருப்பதில்லை.

இரண்டாவது முறையில் விளக்குகளுக்கு எதுவும் தெரியாது. ஹப்தான் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது. 4 விளக்குகள் உள்ள அறையில் வேறுபாடு தெரியாது. 40 விளக்குகள் உள்ள அரங்கில், கட்டளைகள் வரிசையாகச் செல்வதால் விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பொரிவது போல எரியத் தொடங்கும். இத்துறையினர் இதனைச் 'சோளப்பொரி விளைவு' என்றே அழைக்கின்றனர். விலை உயர்ந்த அரங்கம் ஒன்றின் திறப்பு விழாவில் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹப் முறைக்கு ஒரு நன்மையும் உண்டு. நேரம், வெயில், திரைச்சீலை, குளிர்சாதனம் ஆகியவற்றையும் காட்சியுடன் இணைக்க அதனால் முடியும்.

மூன்றாவது முறையில் எல்லாம் இணையத்தில் இருக்கிறது. கைபேசிச் செயலியில் அமைப்பது எளிது, தொலைவிலிருந்தும் மாற்றலாம். ஆனால் கட்டடத்தின் விளக்குகள் ஒரு நிறுவனத்தின் சர்வரை நம்பி வாழ்கின்றன. அமெரிக்காவில் ரெவால்வ் என்ற வீட்டு ஹப்பின் சேவை 2016ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களின் கையில் இருந்த கருவி பயனற்றதானது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. அங்கே சுவர் சுவிட்சுகளும் விளக்குகளும் தமக்குள் நேரடியாகப் பேசும் வகையில் அமைக்கப்பட்டிருந்த வீடுகளில் அடிப்படை இயக்கம் தொடர்ந்தது. செயலியை மட்டுமே நம்பியிருந்த வசதிகள் நின்றுபோயின. பின்னர் அந்நிறுவனத்தைப் பயனாளர்களே வாங்கி மீண்டும் இயக்கினர்.

எனவே நல்ல அமைப்பில் இம்மூன்றும் அடுக்குகளாக இருக்கும். அடிப்படைக் காட்சிகள் விளக்குகளில். கால அட்டவணையும் பிற இணைப்புகளும் ஹப்பில். தொலைதூரக் கண்காணிப்பு மட்டும் இணையத்தில். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, 'ஹப் அணைக்கப்பட்ட நிலையிலும் சுவர்ப் பொத்தான் காட்சியை மாற்ற வேண்டும்' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் விற்பனையாளரின் பதில் பல விஷயங்களை வெளிச்சமாக்கும்.

காற்றில் உள்ள நெரிசல்:

ஜிக்பீயும் புளூடூத் மெஷ்ஷும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபையும் அங்கேதான் இருக்கிறது. வைஃபை பெரும்பாலும் 1, 6, 11 ஆகிய சேனல்களில் அமைக்கப்படுவதால், அவற்றின் இடைவெளிகளில் விழும் 15, 20, 25 ஆகிய ஜிக்பீ சேனல்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். விளக்குகளை இணைத்த பிறகு சேனலை மாற்றுவது தலைவலி என்பதால் கட்டடத்தின் வைஃபை பொறுப்பாளருடன் முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

இசட்-வேவ் தொழில்நுட்பம் வேறு இடத்தில் இயங்குகிறது. இந்தியாவில் அதற்கான அதிர்வெண் 865.2 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் அது 868.4 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு வெளியே அது விழுகிறது. எனவே வெளிநாட்டிலிருந்து மலிவாக வாங்கி வரப்படும் சுவிட்சுகள் இங்குள்ள ஹப்புடன் பேசாது, சட்டப்படியும் சரியல்ல. கம்பியில்லாக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வழங்கப்படும் உபகரண வகை ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே முறை.

மெஷ் வகை வலையமைப்பில் மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் ஒவ்வொரு விளக்கும் அடுத்த விளக்குக்குச் செய்தியைக் கைமாற்றித் தருகிறது. ஊரில் தண்டோரா போடுபவர் இல்லாமலேயே செய்தி திண்ணைக்குத் திண்ணை பரவுவது போன்றது இது. இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. பழக்கத்தின் காரணமாக யாராவது சுவரில் உள்ள பழைய சுவிட்சை அணைத்துவிட்டால், அந்த விளக்கு இருளடைவதோடு நிற்பதில்லை. வலையிலிருந்தே காணாமல் போகிறது. அதன் வழியாகச் செய்தி பெற்றுவந்த தாழ்வாரத்து விளக்கும் காட்சிக்குக் கட்டுப்படாமல் போகலாம். பகலில் எல்லாம் சரியாக இருந்து, காவலாளி இரவில் சுவிட்சுகளை அணைத்த பிறகு மட்டும் பழுது தோன்றுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்குத் தீர்வாகப் பழைய சுவிட்சை நீக்கி, விளக்குக்கு எப்போதும் மின்சாரம் செல்லும்படி செய்து, அதே இடத்தில் பேட்டரியில் இயங்கும் கம்பியில்லாப் பொத்தானைப் பொருத்துகின்றனர். அல்லது சுவிட்ச் பெட்டிக்குள் சிறிய கட்டுப்பாட்டுக் கருவியை வைக்கின்றனர். ஆனால் இந்தியாவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் கம்பி வருவதில்லை. ஃபேஸ் மட்டுமே வந்து திரும்பும். பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நியூட்ரல் தேவை. இதைப் பார்க்காமல் கருவிகளை வாங்கிவிட்டு, 'கம்பி இழுக்க வேண்டாம்' என்ற வாக்குறுதியை நம்பியவர்கள் கடைசியில் கம்பி இழுக்க நேர்வது உண்டு.

12 விளக்குகள், 4 பொத்தான்கள்:

ஒரு சாதாரணக் கூட்ட அறையை எடுத்துக்கொள்வோம். 15 வாட் எல்.இ.டி விளக்குகள் 12. திரைப்பக்கம் 4, மேசைக்கு மேல் 4, பின்பக்கம் 4. முதல் வேலை, மூன்று வரிசைகளையும் மூன்று குழுக்களாகவும், 12 விளக்குகளையும் சேர்த்து 'அறை' என்ற நான்காவது குழுவாகவும் பதிவு செய்வது. காட்சிகள் இந்த நான்காவது குழுவின் மீதே அமைய வேண்டும். காட்சியில் அணைந்திருக்க வேண்டிய விளக்கும் அந்தக் குழுவில் இருந்தாக வேண்டும். சேர்க்காமல் விட்டால் அது அணையாது. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். புதிதாக அமைக்கப்பட்ட அறைகளில் ஏதோ ஒரு மூலை விளக்கு மட்டும் பிடிவாதமாக எரிந்துகொண்டிருப்பதன் ரகசியம் இதுவே.

அடுத்து அளவுகள். 'கூட்டம்' என்ற காட்சிக்கு அனைத்து விளக்குகளும் வேலை வெளிச்சத்தில். உட்புற வெளிச்சம் பற்றிய இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3646, பொது அலுவலக வேலைக்கு 300 முதல் 750 லக்ஸ் வரை பரிந்துரைக்கிறது, நடுமதிப்பு 500. மேசை மட்டத்தில் லக்ஸ் மானியை வைத்துப் பார்த்துச் சேமிக்க வேண்டும். விளக்குகள் புதிதாக இருக்கும்போது முழு அளவில் 500-ஐத் தாண்டிவிடும் என்பதால், பல அறைகளுக்கு 80 சதவீதமே போதுமானதாக இருக்கும்.

'திரை' என்ற காட்சிக்குத் திரைப்பக்கம் அணைப்பு, மேசை 30 சதவீதம், பின்பக்கம் 10 சதவீதம் என்று தொடங்கலாம். 'காணொளி' காட்சி இதற்கு நேர்மாறானது. கேமரா முன் அமர்ந்திருப்போரின் முகத்தில் முன்பக்கத்திலிருந்து ஒளி விழ வேண்டும் என்பதால் திரைப்பக்க வரிசை 60 சதவீதம் வரை எரியும், பின்பக்கம் தாழ்ந்திருக்கும். தலைக்கு நேர் மேலே உள்ள விளக்கு மட்டும் எரிந்தால் கண்களுக்குக் கீழே நிழல் விழுந்து அனைவரும் தூங்காதவர்கள் போலத் தோன்றுவர். நான்காவது, 'சுத்தம்': எல்லாம் முழு வெளிச்சம். துப்புரவுப் பணியாளர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் இது அவசியம். வடிவமைப்பாளர்கள் அதிகம் மறப்பதும் இந்தக் காட்சியைத்தான்.

சதவீத எண்களை அப்படியே நம்ப முடியாது. மனிதக் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஒளிமானியில் 25 சதவீதமாகப் பதிவாகும் வெளிச்சம் கண்ணுக்கு ஏறத்தாழப் பாதியாகத் தெரியும். 10 சதவீதம், மூன்றில் ஒரு பங்கு போலத் தெரியும். சில விளக்குகள் இந்த வேறுபாட்டைத் தாமே சரிசெய்கின்றன, சில செய்வதில்லை. இரு நிறுவன விளக்குகள் ஒரே அறையில் கலந்திருந்தால் ஒரே '30' இரு விதமாக எரியும். அதனால் அலுவலக மேசையில் அமர்ந்து எண்களைத் தட்டச்சு செய்து காட்சி அமைப்பதைவிட, அந்த அறையின் நாற்காலியில் அமர்ந்து கண்ணால் பார்த்துச் சேமிப்பதே சிறந்தது. அதுவும் பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஜன்னலோர அறையில் காலை 11 மணிக்குச் சரியாக இருந்த 'திரை' காட்சி, மாலை 6 மணிக்குக் கூசும்.

நிற வெப்பநிலையையும் காட்சியில் சேர்க்கலாம். வேலைக்கு 4000 கெல்வின், ஓய்வறைக்கு 2700 கெல்வின் என்பது பொதுவான தேர்வு. சில மென்பொருள்களில் கெல்வினுக்குப் பதிலாக 250, 370 போன்ற எண்கள் தோன்றிக் குழப்பும். அது மைரெட் என்ற அளவு. 10 லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் கிடைப்பது. 4000 கெல்வின் என்றால் 250, 2700 என்றால் 370.

மாறும் வேகத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 'திரை' காட்சிக்கு 2 நொடிகளில் மெல்ல மங்குவது கண்ணுக்கு இதமாக இருக்கும். 'சுத்தம்' உடனே எரிய வேண்டும். பொத்தானை அழுத்தியவர் 3 நொடி காத்திருக்க நேர்ந்தால், வேலை செய்யவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் அழுத்துவார். ஜிக்பீயில் குழுவுக்கு அனுப்பப்படும் செய்தி வலை முழுவதும் பரப்பப்படுகிறது. 'கிடைத்தது' என்ற ஒப்புகை அதற்கு வருவதில்லை. அவசரமாகப் பத்து முறை அழுத்தினால் காற்றில் நெரிசல் கூடி, ஒன்றிரண்டு விளக்குகள் கட்டளையைத் தவறவிட வாய்ப்பு உண்டு.

பொத்தான்களில் '1, 2, 3, 4' என்று எழுதாமல் அந்த ஊர் மொழியில் 'கூட்டம், திரை, காணொளி, சுத்தம்' என்ற பொருளில் எழுதுவதற்கு அதிகம் செலவாகாது. எழுதப்படாத பலகைகளில் முதல் பொத்தான் மட்டுமே தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

சென்சாருடன் வரும் மோதல்:

எரிசக்தித் திறன் பணியகத்தின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 2007ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை கொண்ட வணிகக் கட்டடங்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட இத்தொகுப்பு, விளக்குகளுக்குத் தானியங்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்துகிறது. ஆள் இருப்பை அறியும் சென்சார் பொருத்தப்பட்ட இடங்களில், அனைவரும் வெளியேறிய 15 நிமிடங்களுக்குள் விளக்குகள் அணைய வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு.

காட்சியும் சென்சாரும் ஒரே அறையில் சந்திக்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது. 'திரை' காட்சியில் அறை மங்கியிருக்கும் நேரத்தில் ஒருவர் எழுந்து தண்ணீர் எடுக்கச் செல்கிறார். 'ஆள் நடமாட்டம், விளக்கை ஏற்று' என்று சென்சார் குழுவுக்குக் கட்டளையிட, அறை முழுதும் பளிச்சென்று எரிகிறது. இதைத் தவிர்க்க, கூட்ட அறைகளில் ஏற்றும் வேலையை மனிதரிடமும் அணைக்கும் வேலையை மட்டும் சென்சாரிடமும் விடுவதே பொருத்தமானது. அணைக்கும்போதும் சட்டென்று அணைக்காமல், 'காலி' என்ற ஐந்தாவது காட்சிக்கு 10 நொடிகளில் மங்கி, ஒரு நிமிடம் பொறுத்து அணைவது நாகரிகம். உள்ளே அசையாமல் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பவரை அகச்சிவப்புக் கதிர் சென்சார் கவனிக்காமல் விடக்கூடும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் கையசைத்துக்கொள்ளலாம். நுண்ணிய அசைவையும் அறியும் ரேடார் வகை சென்சார்கள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் அவை மெல்லிய தடுப்புச் சுவருக்கு அப்பால் நடப்பவரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதால் திசையும் தூரமும் பார்த்துப் பொருத்த வேண்டும்.

மின் சேமிப்பு பற்றிய விளம்பரங்களிலும் கொஞ்சம் நிதானம் தேவை. மேற்கண்ட அறையில் முழு வெளிச்சத்துக்கு 180 வாட் செலவாகும். 'திரை' காட்சியில் அது ஏறத்தாழ 24 வாட்டாகக் குறையும். இது உண்மையான சேமிப்பு. அதே நேரத்தில், கட்டளைக்காகக் காத்திருக்கும் விளக்கு அணைந்த நிலையிலும் மின்சாரம் குடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு விளக்கு ஒன்றுக்கு 0.5 வாட் என்று உச்சவரம்பு வைத்துள்ளது. அந்த அளவில் 12 விளக்குகளுக்கு நாளொன்றுக்கு 144 வாட்-மணி, ஆண்டுக்குச் சுமார் 53 யூனிட் ஆகும். 8 மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரிவதற்கான 1,440 வாட்-மணியில் இது பத்தில் ஒரு பங்கு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கப்படும் சேமிப்பறைக்குக் கம்பியில்லா விளக்கு நட்டக் கணக்கே. அங்கே சாதாரண சுவிட்ச் போதும்.

மின்தடைக்குப் பின் முதல் நொடி:

இந்தியக் கட்டடங்களுக்கு இதுவே முக்கியமான பகுதி. வெளிநாட்டுக் கையேடுகள் ஒரு பத்தியில் கடந்துபோகும் இந்த அமைப்பு, ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போய் வரும் ஊரில் காட்சிகளைவிட முக்கியமாகிவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் விளக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் புளூடூத் மெஷ், ஜிக்பீ இரண்டிலும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்: அணைந்தே இருக்கலாம், குறிப்பிட்ட அளவில் எரியலாம், அல்லது மின்தடைக்கு முந்தைய நிலைக்குத் திரும்பலாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல விளக்குகள் 'முழுதாக எரிக' என்ற நிலையில்தான் வருகின்றன. கட்டுரையின் தொடக்கத்தில் கூட்ட அறை பளிச்சிட்டதற்கும், அதிகாலை 3 மணிக்கு மின்சாரம் வந்ததும் ஆளில்லாத 5 மாடிகளும் ஒளிர்வதற்கும் இந்த ஒரு மாற்றப்படாத அமைப்பே காரணம்.

எல்லா இடத்துக்கும் ஒரே விடை பொருந்தாது. கூட்ட அறைக்கும் மேலாளர் அறைக்கும் 'முந்தைய நிலை' சரி. விடுதி அறையில் தூங்குபவரின் முகத்தில் நள்ளிரவில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்பதால் அங்கும் அதுவே. ஆனால் மாடிப்படி, தாழ்வாரம், கழிவறை ஆகியவை எரிந்தே ஆக வேண்டும். முந்தைய நிலை எதுவாக இருந்தாலும் சரி. அவசர வெளியேற்ற விளக்குகளைக் காட்சிகளில் சேர்க்கவே கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு அவற்றைத் தனியான பாதுகாப்பு ஏற்பாடாகவே கருதுகிறது. அவை சொந்த பேட்டரியுடன், எந்தப் பொத்தானுக்கும் செயலிக்கும் கட்டுப்படாமல் இருக்க வேண்டும். அலங்காரத்துக்காக 'திரை' காட்சியில் வெளியேறும் வழியின் பலகையையும் மங்கச் செய்வது உயிரோடு விளையாடுவதாகும்.

இன்னொரு பொறியும் உண்டு. சில மலிவு விலை பல்புகளில் தனியாக 'ரீசெட்' பொத்தான் இருக்காது. அதற்குப் பதிலாக, குறுகிய நேரத்தில் தொடர்ந்து சில முறை மின்சாரத்தை அணைத்து ஏற்றினால், பல்பு தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். வசதிக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, மின்சாரம் நொடிக்கு நொடி தடுமாறும் இடத்தில் விபரீதமாகிறது. பல்பு தன் குழு, காட்சி, வலையமைப்புச் சாவி அனைத்தையும் மறந்துவிடுகிறது. வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் இதைக் கேட்டு, முடிந்தால் இந்த வசதியை முடக்கக்கூடிய விளக்குகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில் கேட்க வேண்டியவை:

விளக்குகளிலேயே காட்சி சேமிக்கப்படும் முறைக்கு ஒரு விலை உண்டு. ஒரு விளக்கு பழுதாகிப் புதியது மாட்டப்பட்டால், புதியதற்கு எந்தக் காட்சியும் தெரியாது. அதை வலையில் இணைத்து, குழுக்களில் சேர்த்து, காட்சிகளை மீண்டும் சேமிக்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவரின் மடிக்கணினியில் மட்டும் இந்த விவரங்கள் இருந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பல்பு மாற்றுவதற்கும் அவரையே தேடி ஓட வேண்டியிருக்கும். எனவே எந்த விளக்கு எந்தக் குழுவில், எந்தக் காட்சியில் எந்த அளவில், பொத்தான் எதனுடன் இணைந்துள்ளது என்ற அட்டவணையும், வலையமைப்பின் சாவியும், நிர்வாகக் கடவுச்சொல்லும் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். இறுதித் தவணையை இதனுடன் இணைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாவியின் முக்கியத்துவம் கற்பனை அல்ல. 2016ஆம் ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தையும் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், புகழ்பெற்ற ஜிக்பீ விளக்குகளின் பாதுகாப்புக் குறைபாட்டைப் பயன்படுத்தி, டிரோன் ஒன்றிலிருந்து ஒரு கட்டடத்தின் விளக்குகளைக் கட்டுப்பாட்டில் எடுத்துக் காட்டினர். முன்கூட்டியே தகவல் தரப்பட்டதால் உற்பத்தியாளர் மென்பொருள் திருத்தம் வெளியிட்டார். கூரையில் இருக்கும் விளக்குக்கும் மென்பொருள் புதுப்பிப்பு தேவை என்பதையும், அதை யார் செய்வது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அந்த நிகழ்வு உணர்த்தியது.

பணத்தைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கட்டடத்தில் 'திரை' காட்சியை இயக்கிவிட்டு, முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து நான்கு பொத்தான்களையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு ஹப்பின் மின்சாரத்தை எடுத்துவிட்டு மீண்டும் அழுத்த வேண்டும். கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்து, ஜெனரேட்டர் ஏற்கும் வரை காத்திருந்து, மாடிப்படியில் ஒருவரும் கூட்ட அறையில் ஒருவரும் நின்று, எந்த விளக்கு எந்த நிலையில் திரும்புகிறது என்று அட்டவணையுடன் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும்.